மேசைமேல் படகுகள்

ஆகஸ்ட் 6
டவர் எட்டாத கடலில் படகுக்குப் படகு போன் வழியாகவே மெசேஜைக் கைமாற்றி அனுப்புவதுதான் என் ஆய்வு. அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒன் (ONE) சிமுலேட்டர் ஓடுகிறது. ஹெல்சிங்கி வரைபடம், மெசேஜ் சுமக்கும் 126 நோடுகள்: நடப்பவர்கள், கார்கள், டிராம்கள். பன்னிரண்டு மணி நேரத்து நகரம் கொஞ்ச நேரத்தில் ஓடி முடிகிறது. நல்ல வேலைப்பாடு. ஆனால் மெசேஜின் ஆயுள் (அதற்குள் சேராவிட்டால் அழிந்துவிடும்) 300 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீன்பிடிப் படகு (எங்கள் பேச்சில் போட்டு) அந்த ஐந்து மணி நேரத்தில் வலை போடும் இடத்துக்கே போயிருக்காது. ஆயுளைப் பத்து நாளாக மாற்றினேன்.

ஆகஸ்ட் 7
மைனி கூப்பிட்டார். "அண்ணன் கிட்ட இருந்து ஏதாவது உண்டுமா தம்பி?" இல்லை மைனி.

ஆகஸ்ட் 10
நோடுகளைத் தோன்றிய திசையில் அலைய விட்டால் எல்லாரும் எல்லாரையும் சீக்கிரம் சந்தித்துவிடுகிறார்கள். கடலில் அப்படி நடக்காது. செட்டாக, அதாவது கூட்டமாக, போகும் போட்டுகள் நாள்கணக்கில் பக்கத்திலேயே கிடக்கும். அப்புறம் மீன் எங்கே என்று பிரிந்தால் வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 2005இல் இன்ஃபோகாம் என்ற நெட்வொர்க் ஆய்வு மாநாட்டுக்கு வந்தவர்களிடம் புளூடூத் கருவி கொடுத்து, யார் யாரை எப்போது சந்திக்கிறார்கள் என்று அளந்தார்களே, அதிலும் சந்திப்புக்கும் சந்திப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பெரும்பாலான இடைவெளிகள் சின்னவை, ஆனால் சில மட்டும் நீண்டுகொண்டே போகும். அந்தச் சிலவற்றை விட்டுவிட்டு என்ன சோதனை?

போன சீசனில் அண்ணன் போட்டு ஜிபிஎஸ்ஸிலிருந்தும் செட்டிலிருந்த மற்ற போட்டுகளிலிருந்தும் எடுத்த பாதைகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டு போட்டு வயர்லெஸ் எட்டும் தூரத்துக்குள் வந்தால் 'இணைப்பு', விலகினால் 'துண்டிப்பு'. நொடியோடு வரிவரியாக எழுதிக் கொடுத்தால் சிமுலேட்டர் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 11
தலைவலி.

ஆகஸ்ட் 14
இன்று நிஜ போன்கள். எல்லாம் ஒரே மேசையில், ஒரே வைஃபையில். எந்த நொடியில் எது எதோடு பேசலாம் என்று ஐபிடேபிள்ஸ் (நெட்வொர்க் போக்குவரத்தைத் தடுக்கவோ விடவோ செய்யும் நிரல்) விதிகள் சொல்கின்றன. ஒரு கைப்பிடி தூரத்தில் இருக்கிற போன் நாற்பது மைலுக்கு அப்பால் இருப்பதாக நடந்துகொள்கிறது.

கடலின் ஒரு நாளை ஒரு மணி நேரமாகச் சுருக்கினால் பத்து நிமிடச் சந்திப்பு 25 நொடியாகிவிடும். அதற்குள் போகும் டேட்டாவும் அதே கணக்கில் குறையும். ஆகவே மெசேஜின் அளவையும் 24இல் ஒரு பங்காக்க வேண்டும். சார்ஜர் செருகியிருக்கும் வரை ஆண்ட்ராய்டின் டோஸ் என்ற பேட்டரி சேமிப்புத் தூக்கம் வராது. கழற்றிவிட்டு, திரையை அணைத்துக் காத்திருந்தேன். ஒவ்வொன்றாக மெசேஜ் வாங்குவதை நிறுத்தின. இது எந்தச் சிமுலேட்டரிலும் தெரியாது. போட்டில் யார் போனை எப்போதும் சார்ஜில் வைத்திருப்பார்கள்?

ஆகஸ்ட் 15
லீவு. ஆனாலும் சோதனை முடிவுகளின் அட்டவணை மனசை விட்டுப் போகவில்லை. அனுப்பியவரே பெறுபவரை நேரில் கண்டால் மட்டும் கொடுக்கும் முறையின் சராசரி தாமதம், பார்ப்பவருக்கெல்லாம் நகல் கொடுக்கும் எபிடெமிக் முறையைவிடக் குறைவு! காரணம் வேறொன்றும் இல்லை. சராசரியில் வந்து சேர்ந்தவை மட்டும்தான் சேரும். பக்கத்திலிருந்தவருக்குப் போன சுலபமான மெசேஜ்கள் உள்ளே, வராதவை கணக்கிலேயே கிடையாது. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30இல் நிலைமை என்ன? எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த போட்டுகளுக்கு அது எட்டவே இல்லை. அதன் தாமதம் எத்தனை மணி நேரம் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகஸ்ட் 16
காற்று அதிகம் என்கிறார்கள். அம்மா சாப்பிடவில்லையாம்.

ஆகஸ்ட் 18
தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு போட்டு கரை பிடித்தது. அதிலிருந்தவர் வயர்லெஸ்ஸில் இன்னொரு போட்டுக்காரர் சொல்லக் கேட்டாராம்: அண்ணன் நலம், ஐஸ் இருக்கிறது, வர நாளாகும். என்றைக்குச் சொன்னார்? யாருக்கும் தெரியவில்லை. காற்றுக்கு முன்னாலா பின்னாலா?

இப்படிக் கைமாறும் மெசேஜ்களுக்கான விதிமுறையான பண்டில் புரோட்டோகாலின் 2022 பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது. நம்பகமான கடிகாரம் இல்லாத நோடு, பிறந்த நேரத்துக்குப் பதில் மெசேஜின் வயதை எழுதலாம். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் தங்கிய நேரம் அதோடு கூடிக்கொண்டே போகும். இன்றே போன்களில் அதைச் சேர்க்கிறேன்.

ஆகஸ்ட் 21
ஆய்வு வழிகாட்டி சராசரி அட்டவணை போதும் என்கிறார். முடியாது. வராதவற்றுக்குத் தனி நெடுவரிசை போட்டிருக்கிறேன். எந்தப் போட்டு, எந்த இடைவெளியில், யாருடைய பஃபர் (மெசேஜ் காத்திருக்கும் இடம்) நிரம்பி விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறேன். எபிடெமிக் இரவு முழுக்க ஓடட்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை நகல் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஸ்ப்ரே அண்ட் வெயிட் முறைக்கு எத்தனை நகல் என்பதை நாளை காலை பார்க்க வேண்டும்.