ஏஓசி மாறும்போது ரெக்கார்ட்ஸ் அறையில் நடப்பது

பெங்களூரில் விமானப் பராமரிப்பு ரெக்கார்ட்ஸ் (ஆவணங்கள்) வேலை பார்க்கிறேன். 2024 அக்டோபர் 1 அன்று ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர்ஏஷியா இந்தியா என்ற விமான கம்பெனி), ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு இணைந்தது. அந்தப் பெரிய வேலையின் ஒரு மூலையில் நானும் இருந்தேன்.

வாலில் புதுப் பெயின்ட் அடித்தாலே விமானம் மாறிவிட்டது என்று ஊரில் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பயணிகள் விமானமும் ஏதாவது ஒரு கம்பெனியின் ஏஓசியில்தான், அதாவது விமான சேவை நடத்த அந்தக் கம்பெனிக்குத் தரப்படும் சான்றிதழின் கீழ்தான், பறக்க முடியும். அதை அடுத்த ஏஓசிக்குக் கொண்டுபோக விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதல் வேண்டும். குத்தகை விமானம் என்றால் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும்.

இவையெல்லாம் கடிதப் போக்குவரத்து. உண்மையான உழைப்பு பிரிட்ஜிங்கில்தான், அதாவது பழைய பராமரிப்புத் திட்டத்திலிருந்து புதியதற்கு விமானத்தை மாற்றுவதில்தான். பழைய பராமரிப்புத் திட்டத்தில் ஒரு வேலைக்கு ஒரு கெடு, புதியதில் வேறு கெடு. எந்த வேலை எப்போது முடிந்தது, இனி எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு வரி விடுபட்டால் அந்தச் சோதனை நடக்காமலேயே விமானம் பறந்துகொண்டிருக்கும். அந்த நினைப்பே என்னை வீட்டிலும் விடவில்லை.

அதைவிடக் கடினம் எஞ்சின் டிஸ்க்குகள், அதாவது எஞ்சினுக்குள் பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டுகள். அவற்றுக்கு ஆயுள் வரம்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் எத்தனை முறை பறந்தது என்பதற்கு அறுபடாத ஆவணம் வேண்டும். "தம்பி, சிஸ்டம் காட்டுறத விடுங்க, ஒரிஜினல் பேப்பர எடுங்க" என்பார் எங்கள் பிரிவிலிருந்த மதுரைக்காரர். வேறு நாட்டில் முன்பு ஓடிய விமானம் என்றால் அங்கே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அந்த மனிதரின் பிடிவாதத்துக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

இரண்டு தரப்பின் விமானங்களும் வேறு வகை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் போயிங் 737, ஏஐஎக்ஸ் கனெக்டில் ஏர்பஸ் ஏ320. 737-800இல் இருப்பது சிஎஃப்எம்56-7பி எஞ்சின், பழைய ஏ320இல் சிஎஃப்எம்56-5பி. பெயரில் அண்ணன் தம்பி என்றாலும் ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்ட முடியாது. உதிரி எஞ்சின், விமானத்தை இழுக்கும் டோ பார், சிமுலேட்டர், குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டப் பைலட்டுக்குத் தேவையான டைப் ரேட்டிங் எல்லாமே தனித்தனி. கம்பெனி ஒன்றானதால் ஸ்டோரில் இருப்பு பாதியாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த வேலை உங்களுக்கு வந்தால் டிஸ்க் ஆவணங்களிலிருந்து ஆரம்பியுங்கள். குத்தகை விமானத்தின் சொந்தக்காரருக்கு முதல் வாரத்திலேயே கடிதம் போட்டுவிடுங்கள், பதில் வர நாளாகும்.