குதிரை மாற்றிய சத்திரம்: ஹேட் கிரீக்

கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில், கேஷ் கிரீக் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே பத்து நிமிடம் காரில் சென்றால், ஹேட் ஓடை போனபார்ட் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு அருகே, நீண்ட தாழ்வாரத்துடன் ஒரு பழைய மரவீடு நிற்கிறது. தங்க வேட்டைக் காலத்தில் கோச் வண்டிகள் நின்று சென்ற வழிச்சத்திரம் அது. சத்திரம் என்றதும் இலவசச் சோறு நினைவுக்கு வரும். இது காசு வாங்கிக்கொண்டு சோறும் படுக்கையும் தந்த சத்திரம்.

1858இல் ஃபிரேசர் ஆற்று மணலில் பொன் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, வடக்கே கரிபூ மலைப்பகுதியில் வில்லியம்ஸ் ஓடையில் பில்லி பார்க்கர் பெரும் தங்கப் படிவை எட்டினார். அவர் பெயரில் பார்க்கர்வில் எழுந்தது. அங்கே அரிசியும் மாவும் போய்ச் சேர வேண்டுமானால் பாதை வேண்டும் என்பதால், ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் ராணுவப் பொறியாளர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கொண்டு, யேல் ஊரிலிருந்து ஏறத்தாழ 640 கிலோமீட்டருக்கு 18 அடி அகலச் சாலையைப் போட வைத்தார். சாலை சென்ற நிலம் செக்வெப்பெம்க் முதலான தொல்குடிகளின் நிலம். அதே 1862இல் பரவிய பெரியம்மை அவர்களை ஊர் ஊராக அழித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹேட் கிரீக்கில் முதலில் கடை விரித்தவர், கம்லூப்ஸ் கோட்டையில் கம்பளித்தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த டொனால்ட் மெக்லீன். முரட்டு மனிதர், 1864இல் சில்கோட்டின் தொல்குடியினருக்கும் குடியேற்ற அரசுக்கும் நடந்த போரில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய மகன்கள் மூவர், ஒரு காவல் அதிகாரியைக் கொன்ற குற்றத்துக்காக 1881இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

மெக்லீன் குடும்பத்துக்குப் பிறகும் அந்த இடம் தழைத்ததற்குக் காரணம் தங்கம் என்பதைவிடக் குதிரை என்பதே பொருத்தம். கடிதத்துக்கு 2 டாலர் வாங்கிக்கொண்டு தபாலை முதுகில் சுமந்து நடந்தே போன ஃபிரான்சிஸ் பர்னார்ட், சில ஆண்டுகளில் 'பி.எக்ஸ்.' (பர்னார்ட்ஸ் எக்ஸ்பிரஸ்) என்று எல்லோரும் அழைத்த கோச் கம்பெனியை நடத்தினார். அந்த வண்டிகளின் உடல் இரும்பு வில்களின்மேல் அல்ல, தடித்த தோல்வார்களின்மேல் தொங்கியது; பள்ளத்தில் இறங்கும்போது குலுக்காமல், தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடியது. மேட்டிலும் சேற்றிலும் அதை இழுத்து ஓடும் குதிரைகள் 20, 30 கிலோமீட்டரில் களைத்துவிடும். ஆகவே வழிச்சத்திரங்களின் இடைவெளியைத் தீர்மானித்ததில் பயணியின் பசியைவிடக் குதிரையின் மூச்சுக்கே பங்கு அதிகம். வண்டி வந்து நின்றதும் லாயக்காரர்கள் நுரை தள்ளிய குதிரைகளை அவிழ்த்து, சேணம் பூட்டித் தயாராக வைத்திருந்த புதியவற்றைக் கட்டுவார்கள்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. இந்தப் பாதையில் '100 மைல்', '150 மைல்' என்று எண்களையே பெயராகக் கொண்ட சத்திரங்கள் உண்டு. அந்த மைல்கள் யேலிலிருந்து அல்ல, இதற்கு முன் லில்லூயட்டிலிருந்து போடப்பட்ட வேறொரு சாலையிலிருந்து எண்ணப்பட்டவை. இரு சாலைகளும் கிளின்டனில் சேர்கின்றன. கிளின்டனுக்குத் தெற்கே யேல் சாலையில் இருந்ததால் ஹேட் கிரீக் அந்தக் கணக்கில் வராமல் போயிற்று.

1885இல் கனடிய பசிபிக் ரயில் பாதை முடிந்தபோது யேலிலிருந்து வடக்கே சென்ற கோச் போக்குவரத்துக்கு வேலை இல்லாமல் போனது. கம்பெனி தன் தலைமையிடத்தை ரயில் நிற்கும் ஆஷ்கிராஃப்டுக்கு மாற்றி, அங்கிருந்து வடக்கே வண்டி விட்டது. ஆஷ்கிராஃப்டுக்கு வடக்கே அமைந்திருந்த ஒரே காரணத்தால் ஹேட் கிரீக் பிழைத்தது; தங்க வேட்டையின் ஆரவாரம் அடங்கிய பின்னும் அதன் லாயம் பல்லாண்டு காலியாகவில்லை. 1910இல் அதே கோச் கம்பெனி இரண்டு விண்டன் மோட்டார் கார்களை வாங்கிச் சாலையில் இறக்கியது. அவற்றுக்கு வழியில் லாயம் தேவைப்படவில்லை.