மதியம் இரண்டு மணிக்கு விழித்திருப்பது

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தொழில் அப்பளம். காலையிலிருந்து மாவு இடித்து, உருட்டி, தேய்த்துக் காயப்போட்டால், மதியச் சோற்றுக்குப் பிறகு வீடே உறங்கிவிடும். நானும்தான். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று ஆச்சி சொல்லி வளர்த்ததால், 2024ஆம் ஆண்டு நீட் தேர்வுக்கு விடியற்காலையிலேயே படித்தேன். தேர்வு தொடங்குவதோ மதியம் இரண்டு மணிக்கு. இரண்டையும் சேர்த்து ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

தேர்வறையில் இயற்பியல் கணக்கு ஒன்றை மூன்று தடவை வாசித்தேன். எழுத்து தெரிந்தது, பொருள் ஏறவில்லை. மதிப்பெண் 260.

மறுபடியும் எழுதுவது என்று முடிவானதும் முதலில் மாற்றியது பாடத்திட்டத்தை அல்ல, உறக்கத்தைத்தான். ஞாயிறுதோறும் சரியாக இரண்டு மணிக்கு மாதிரித் தேர்வு. மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிடுவேன். முதல் மூன்று வாரம் தலை ஆடியது. பிறகு பழகிவிட்டது.

தவறிய கேள்விகளை ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதினேன்: படிக்காதது, படித்தும் மறந்தது, விடை தெரிந்தும் தவறாக வட்டமிட்டது. மூன்றாவது வகைதான் வயிற்றெரிச்சல். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. ஆக, தெரிந்த கேள்வியைக் கோட்டைவிட்டால் போவது ஐந்து மதிப்பெண். ‘தவறானது எது’ என்பதைச் ‘சரியானது எது’ என்று வாசித்தே எத்தனை ஐந்துகளை இழந்திருக்கிறேன்!

நான் தமிழ் வழியில் படித்தவள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் என்றால் ஆங்கிலமே இறுதி. எனவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்தேன். இதை முதல் ஆண்டே யாராவது சொல்லியிருக்கலாம்.

2025 ஜனவரியில் ஓர் இடி. விருப்பக் கேள்விகள் கிடையாது. 180 கேள்வி, 180 நிமிடம் என்ற பழைய முறையே திரும்புகிறது என்றார்கள். முந்தைய ஆண்டு 200 நிமிடம் இருந்தது. கடினமானதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கும் பழக்கத்தை மறக்க வேண்டியிருந்தது. உயிரியலின் 90 கேள்விகளை 50 நிமிடத்தில் முடித்து, வேதியியலுக்குப் பின் இயற்பியலுக்கு வருவது என்று வைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் வேலையைத் தேர்வுக்கு முன்பே முடித்தது நல்லதாயிற்று. மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். நான் படித்தது இரண்டு பள்ளிகளில். கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியர்களைத் தேடி அலைந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி! தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பதால் அதற்கும் விண்ணப்பித்து வைத்தேன். அப்பாவுக்கு அதில்தான் நிம்மதி.

மே 4. அன்றுதான் அக்னி நட்சத்திரமும் தொடங்கியது. ஒன்றரைக்கு வாயிலை அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே பாளையங்கோட்டை போய், ஒரு வேப்பமரத்தடியில் தயிர்சாதம் சாப்பிட்டேன். இயற்பியல் அந்த ஆண்டு எல்லோரையும் அழவைத்தது. நானும் பாதியைத்தான் தொட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. மதிப்பெண் 380. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

இப்போது தம்பி பிளஸ் டூ. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மாதிரித் தேர்வுத் தாளோடு அவன் திண்ணையில் உட்கார, அப்பளத்தைத் திருப்பிப்போட ஆளில்லை என்று ஆச்சி என்னைத்தான் திட்டுகிறாள்.