காலையில் ஐ, மதியம் ஜே

இன்ஜினியரிங்கும் சயின்ஸும் சேர்ந்த இரட்டைப் பட்டம் படித்தேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ கடைசியில் நீங்க இன்ஜினியரா, சயின்டிஸ்டா?" முதல் இரண்டு வருடம் கேட்பவர் முகத்தைப் பார்த்து பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நான் எடுத்தது மெக்கானிக்கலும் இயற்பியலும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் படித்தால் நாலும் மூணும் 7 வருடம். சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் 5 அல்லது ஐந்தரை. மிச்சம் எங்கே போனது? கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, முதல் வருட இயற்பியல் எல்லாம் இரண்டுக்கும் பொது, ஒரு தடவை பாஸ் பண்ணினால் இரண்டு பக்கமும் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகும் இடிக்கிற இடத்தில்தான் நம் எலெக்டிவ் காலியாகிறது. இன்ஜினியரிங் பட்டத்துக்கு அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது, 1989-ல் போட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள் ஒன்றின் பட்டத்தை இன்னொன்று மதிப்பதே அதை வைத்துத்தான், அதனால் அந்தப் பக்கத்து முக்கியப் பாடங்களில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வெட்டு விழுவது நாம் ஆசைப்பட்டு எடுக்கும் பாடங்களில். முழுப் படிப்பிலும் பிடித்ததற்காக மட்டும் நான் எடுத்த பாடம் ஒன்றே ஒன்று. சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டைம்டேபிள் மோதும், ஒரே நாளில் இரண்டு பரீட்சை வரும், இந்தத் துறைக்குப் போனால் அந்தத் துறையில் கேள் என்பார்கள். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறொன்று.

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு இயற்பியல் வகுப்பில் ஐ. மதியம் சர்க்யூட் வகுப்பில் அதுவே ஜே, ஏனென்றால் அங்கே ஐ-யை மின்னோட்டம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. சரி, எழுத்துதானே என்று நினைத்தேன். அலையை எழுதும்போது இயற்பியலில் காலத்துக்கு முன்னால் மைனஸ் போடுவார்கள், எலெக்ட்ரிக்கலில் பிளஸ். ஆகவே இங்கிருந்து அங்கே ஒரு சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஐ இருந்த இடத்தில் ஜே போட்டால் போதாது, மைனஸ் ஜே போட வேண்டும். இது புரிய ஒரு முழு ராத்திரி போனது. வெப்ப இயக்கவியல் இதைவிட மோசம். மெக்கானிக்கலில் உள்ளாற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை. இன்ஜினுக்கு வெப்பத்தைக் கொடுத்து வேலையை வெளியே வாங்குகிறோம், அதனால் அது செய்யும் வேலை பிளஸ். சயின்ஸ் பக்கம் எங்களுக்குச் சொல்லித்தந்தது வெப்பம் கூட்டல் வேலை. அமைப்பின் மேல் நாம் செய்யும் வேலைதான் அங்கே பிளஸ். இரண்டும் சரி. பரீட்சையில் பாதி விடையை ஒரு முறையிலும் மீதியை இன்னொரு முறையிலும் எழுதிய என் தாள் மட்டும் சரியில்லை. அழுத்த அழுத்தச் சூடாக வேண்டிய வாயு என் தாளில் குளிர்ந்துகொண்டே போனது, நானும் அதைக் கவனிக்காமல் அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று எனக்கு உறைத்தது ஒரு பாலத்தால். அமெரிக்காவின் டக்கோமா நேரோஸ் தொங்குபாலம், 1940 ஜூலையில் திறந்து அதே வருடம் நவம்பர் 7-ல் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி விழுந்தது. அது ஆடி விழுவதைக் காட்டும் கறுப்புவெள்ளைப் படத்தை ஒரே செமஸ்டரில் இரண்டு வகுப்பில் பார்த்தேன். இயற்பியலில் அது ஒத்ததிர்வுக்கு உதாரணம்: ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல காற்று தள்ளியது, முடிந்தது. மெக்கானிக்கல் பக்கத்து அதிர்வியல் வகுப்பில் பாடம் எடுத்த அம்மா படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "கடிகாரத்தை வச்சு எண்ணுங்க" என்றார். ஒரு முழு முறுக்குக்கு 5 நொடி, நொடிக்கு 0.2 தடவை. அப்புறம் காற்றின் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர், பாலத்தின் பக்கவாட்டுத் தட்டு இரண்டரை மீட்டர் உயரம், இவற்றை வைத்து, பாலத்தில் மோதிய காற்றிலிருந்து சுழல்கள் நொடிக்கு எத்தனை தடவை பிரிந்திருக்கும் என்று போடச் சொன்னார். நொடிக்கு ஏறக்குறைய 1 வந்தது. தள்ளுகிறவன் 5 தடவை தள்ளும் நேரத்தில் ஊஞ்சல் ஒரு தடவை ஆடுகிறது, இதில் ஒத்ததிர்வு எங்கே? பாலம் முறுக்கும்போது காற்று அதைத் தாக்கும் கோணம் மாறுகிறது, அந்த மாற்றமே இன்னும் முறுக்குகிறது, ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் ஃப்ளட்டர். பாடப்புத்தகங்கள் இதைத் தப்பாகச் சொல்கின்றன என்று பில்லா, ஸ்கான்லன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-லேயே ஓர் இயற்பியல் ஆய்விதழில் எழுதிவிட்டார்களாம்.

அடுத்த நாள் இயற்பியல் வகுப்பில் கையைத் தூக்கினேன். வீரமெல்லாம் இல்லை, குரல் நடுங்கியது. சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சாக்பீஸை என்னிடம் நீட்டி, தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் விசை, எதிர்மறையானால் சமன்பாட்டில் என்ன ஆகும் என்று போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். அதிர்வியல் வகுப்பில் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன். தீர்வு அடுக்கேறி வளர்வதைக் கையால் எழுதிப் பார்த்தது இங்கேதான். ஒரு வகுப்பு மட்டும் இருந்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும், அதுவும் தப்பான பாதி கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது.

லேபிலும் இதே கதைதான். ஊசல் வைத்து ஈர்ப்பு முடுக்கம் அளக்கும்போது மூன்றாவது தசமத்துக்காக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருப்போம், பிழை எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுவோம். டிசைன் வகுப்பில் அதே பிழைக்குப் பாதுகாப்பாக இரண்டால் பெருக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். முதலில் எனக்கு இது அலட்சியமாகத்தான் பட்டது. ஆனால் குவாண்டம் இயற்பியலின் பெரிய ஆளான டிராக் முதலில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்து 1921-ல் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகுதான் கணிதத்துக்குப் போனார். தோராயத்தைப் பொறுத்துக்கொள்ளத் தனக்குக் கற்றுக்கொடுத்தது இன்ஜினியரிங்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவரே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

நான்காம் வருட முடிவில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். ஐந்தாம் வருடம் வகுப்பில் தெரிந்த முகமே இருக்காது, அது கஷ்டம், சும்மா சொல்லக்கூடாது. பாதியில் ஒரு பட்டத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் வழியும் பல இடங்களில் உண்டு, போனவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கடைசி ப்ராஜெக்ட்டுக்கு இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு கைடு. காற்றுச் சுரங்கத்தில் ஒரு மெல்லிய தகட்டை வைத்து ஆட வைப்பதுதான் வேலை, பாலம் விடவில்லை என்னை. எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்குகிறது, ஏன் சரியாக அங்கே என்று ஒருவர் கேட்பார். அதே கிராஃபைப் பார்த்து மற்றவர், ஆடாமல் இருக்கத் தகடு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பார். இரண்டு கேள்விக்கும் தனித்தனி அத்தியாயம் எழுதினேன். மூன்றாவதில் ஐ, நான்காவதில் ஜே, நடுவில் மைனஸ் மாறுவதை விளக்கி ஒரு பக்கம். இருவரும் அவரவர் அத்தியாயம் முழுக்கச் சிவப்புப் பேனா வைத்தார்கள். அடுத்தவர் அத்தியாயத்தில் ஒரு கீறல்கூட இல்லை. படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை.