கீழே ஒரு சொட்டு இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை

ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது முப்பது வயதை நெருங்கும் டீசல் ஜீப். நவம்பர் கடைசியில் அதற்கு ஒரு வியாதி பிடித்தது. இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் காணாமல் போகும். மேட்டுப்பாளையம் போய் வந்தால் அன்றைக்கே கால் லிட்டர். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது.

முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி மேல். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊட்டி இருக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதோ 82 டிகிரியில். நடுவில் பத்து டிகிரிதான் இடைவெளி. மூடி பிரஷரைப் பிடித்து வைப்பதால்தான் கொதிக்காமல் வண்டி ஓடுகிறது. 13 பிஎஸ்ஐ பிரஷர் வரை தாங்கும் புது மூடி போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். உள்பக்கம் தயிர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கிரலாம்" என்றார். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. அது போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும், ரேடியேட்டரில் குமிழி வரும், வெள்ளைப் புகையும் வரும். வயிற்றைக் கலக்கியது. ஆனால் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில், இந்தக் குளிருக்கு மூடியில் ஈரம் கோத்து வெள்ளையாவது சகஜம். வெள்ளைப் புகையை வைத்தும் இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. டிசம்பர் காலையில் ஊட்டியில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் புகைக்கும்! "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

பிரஷர் டெஸ்டரை நானே செய்தேன். பழைய மூடியின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நடுவில் ஓட்டை போட்டு, டயர் வால்வு ஒன்றைப் பொருத்தினேன். ஓரம் கசியாமல் இருக்க டியூப் ரப்பரை வளையமாக வெட்டிச் செருகினேன். ரேடியேட்டரில் மிஞ்சும் கூலன்ட் சேரும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாயை அடைத்தேன். மீட்டர் வைத்த கால் பம்பால் 13 வரை ஏற்றினேன். ஞாயிறு மத்தியானம், நல்ல வெயில். இருபது நிமிடம் முள் அசையவே இல்லை. அடப்பாவி என்றிருந்தது.

துப்புக் கொடுத்தது அந்தப் பிளாஸ்டிக் பாட்டில்தான். இன்ஜின் சூடானால் கூலன்ட் பாட்டிலுக்கு வர வேண்டும், ஆறினால் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். என் வண்டியில் ரேடியேட்டர் இறங்கிக்கொண்டே போனது, பாட்டில் மட்டும் போட்ட கோட்டிலேயே நின்றது. அப்படியென்றால் ஆறும்போது வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. ராத்திரி, குளிரில்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்தேன். புல்வெளி முழுக்க உறைபனி, கேரட் தோட்டம் வெளுத்துக் கிடந்தது. விரல் மரத்துப் போக 13 வரை அடித்தேன். பத்து நிமிடத்தில் 5! டார்ச்சோடு அடியில் படுத்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின், அதாவது கீழ் ஹோஸின், கிளிப்பில் ஈரம். அது ஹோஸின் அடிப்பக்கமாகவே ஓடி, கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் அப்பியிருந்த சேற்றில் ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சேறு எப்போதும் ஈரமாக இருந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பனி ஈரம் என்று விட்டுவிட்டேன்.

தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கீழ் ஹோஸ் சூடாகாமல் ஜில்லென்றே இருக்கும். ஆனால் பிரஷர் அங்கேயும் ஏறும். குளிரில் இறுகிப்போன பழைய ரப்பர், குழாய் வாயை விட்டு விலகி வழி விட்டிருக்கிறது. மத்தியானம் தொட்டால் எல்லாம் கச்சிதம். மேட்டுப்பாளையம் கணக்கும் அப்போதுதான் புரிந்தது. திரும்ப ஏறும்போதுதான் இன்ஜின் திணறித் தண்ணீர் போகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில், குன்னூர் தாண்டிப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் கியரிலேயே இறக்கும்போது இன்ஜின் சூடே ஆவதில்லை. கீழ் ஹோஸ் வழி நெடுக ஜில்லென்றே கசிந்திருக்கிறது.

ஹோஸைக் கழற்றினால் குழாய் வாயில் குழி குழியாக அரிப்பு. முந்தைய ஓனர் வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதன் பலன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புது ஹோஸ் போட்டு, முறுக்கும் கிளிப்புக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப் மாட்டினேன். ரப்பர் சுருங்கினாலும் அது கூடவே இறுகும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றி, வாசல் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திக் காற்றை வெளியேற்றினேன். சரிவுக்கா இங்கே பஞ்சம்.

மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை பாட்டிலில் ஒரு விரல் இறங்கியிருந்தது. மேட்டுப்பாளையம் போய் வந்து பார்த்தேன், திரும்ப ஏறியிருந்தது.