ஹிட்ச்காக்–ட்ரூஃபோ நேர்காணல் நூலை நுழைவுத் தேர்வுக்குப் படித்த விதம்

திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நான் இரண்டு முறை ஆயத்தமானேன். இரண்டு முறையும் மேசையில் இருந்தது, சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக்குடன் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோ நடத்திய நேர்காணல்களின் தொகுப்புதான். முதல் முறை அதை மனப்பாடம் செய்தேன். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதைபதைப்பு என்ற புகழ்பெற்ற விளக்கத்தை நேர்முகத் தேர்வில் அப்படியே ஒப்பித்தேன். "அவருடைய படம் ஒன்றில் இதை எந்த ஷாட்டில் பார்த்தீர்கள்?" என்று தேர்வாளர் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு இடமும் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே நூலை வேறு விதமாகப் படித்தேன். இந்த உரையாடல் 1962 ஆகஸ்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில், ஹெலன் ஸ்காட்டின் மொழிபெயர்ப்பு உதவியோடு நடந்தது. நூல் 1966இல் பிரெஞ்சில் வெளிவந்தது. கேள்வி கேட்ட ட்ரூஃபோவுக்கு அப்போது வயது 30, மூன்று முழுநீளப் படங்களை இயக்கி முடித்திருந்தார். ஆகவே கேமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்பதிலேயே அவருடைய கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. மௌனப்பட காலத்தில் தொடங்கிப் படம் படமாக நகரும் அந்த வரிசையையே நான் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டேன்: வாரம் ஒரு படம், முதலில் நூலைத் தொடாமல் படத்தைப் பார்ப்பது, பிறகு அதற்குரிய பக்கங்களைப் படிப்பது, மறுநாள் ஒரே ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்தித் தாளில் வரைவது.

வரைந்து பார்ப்பதில்தான் பலன் அதிகம். 'சஸ்பிஷன்' (1941) படத்தில் மனைவிக்கு நஞ்சு கொண்டுவருகிறாரோ என்று நாம் சந்தேகிக்கும்படி, கேரி கிரான்ட் பால் கிளாஸுடன் இருட்டான மாடிப்படி ஏறி வரும்போது நம் பார்வை அந்தக் கிளாஸை விட்டு விலகுவதில்லை. அதற்குள் ஒரு விளக்கு வைத்ததாக ஹிட்ச்காக் நூலில் சொல்கிறார். நான் முதலில் படிகளையும் சுவரில் வலைபோல் விழும் நிழலையும் வரைந்து, கிளாஸின் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன். அந்தச் சின்ன வெள்ளைப் பகுதி, முகத்தைக்கூட இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

இயக்குநர் சொல்வதைப் படத்தோடு சரிபார்ப்பதும் இதே அளவு முக்கியம். 'ரோப்' (1948) வெட்டே இல்லாத படம் என்ற எண்ணத்தோடுதான் நூலை மூடினேன். படத்தைப் பார்த்து எண்ணியபோது, ஏறத்தாழப் பாதி வெட்டுகள் யாராவது ஒருவருடைய கோட்டின் முதுகில் மறைந்திருக்க, மற்றவை வெளிப்படையாகவே இருந்தன. அன்றைய கேமராவில் ஏற்றிய ஃபிலிம் சுமார் 10 நிமிடம்தான் ஓடியது. திரையரங்கில் ரீல் மாற்றியதோ 20 நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த இடத்தில் வெட்டை மறைக்க வழியில்லை. ஆனால் அந்த நிர்ப்பந்தத்தையே அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள்: கோழி கழுத்தை நெரித்த கதையைக் கேட்டு "அது பொய்!" என்று, நண்பனை நெரித்துக் கொன்ற இருவரில் ஒருவனான பிலிப் கத்தியதும், படம் நேராக ஆசிரியர் ரூபர்ட்டின் முகத்துக்கு வெட்டுகிறது. சந்தேகம் முளைக்கும் இடம் அதுதான். இரண்டாம் முறை நேர்முகத் தேர்வில் இந்த ஒரு வெட்டைப் பற்றித்தான் பேசினேன், இடம் கிடைத்தது.

நேர்காணலின் ஒலிப்பதிவும் கிடைக்கிறது. கேட்டால், அச்சில் வழுக்கிச் செல்லும் பதில்கள் பேச்சில் எவ்வளவு நீண்டு, மொழிபெயர்ப்புக்காக நின்று நின்று வந்தன என்பது புரியும். நூலின் வாக்கியங்களை ஹிட்ச்காக்கின் சொல்லுக்குச் சொல்லான கூற்றாக விடைத்தாளில் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டாம். கருத்தை உங்கள் மொழியில் எழுதி, அது நிகழும் காட்சியை உடனே அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். நேரம் குறைவாக இருப்பவர்கள் 'ரியர் விண்டோ' படத்தில் தொடங்கலாம்: ஒரு மனிதன் பார்க்கிறான், அவன் பார்ப்பதைக் காண்கிறோம், அவன் முகம் மாறுகிறது என்ற மூன்று ஷாட்டுகளை ஒரு மாலைக்குள் வரைந்துவிட முடியும்.