ஒன்றரைக் கட்டை ஏறிப் பாடிய இசைத்தட்டு

கனடாவுக்குக் கப்பலில் வந்த பெட்டிகளில் நான் முதலில் பிரித்தது ஆடியோ கருவிகள் இருந்த பெட்டிகளைத்தான். ஒரு ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர், பெல்ட்டில் சுற்றும் ரெக்கார்ட் பிளேயர், ரேடியோ நிலையங்களைப் பிடிக்கும் டியூனர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். விற்றுவிட்டுப் போ, அங்கே புதிதாக வாங்கிக்கொள் என்று பலரும் சொன்னார்கள். மனம் வரவில்லை. கொண்டுவந்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கிளம்பும் முன் ஒவ்வொரு கருவியின் பின்பக்கத்தையும் நிதானமாகப் படித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வருகிறவர்கள் எல்லோரும் முதல் எண்ணைப் பற்றித்தான் கேட்கிறோம். என்னை அலைக்கழித்தது இரண்டாவது எண், அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை சைக்கிள் (அலைச் சுழற்சி) போடுகிறது என்ற கணக்கு.

ஸ்பீக்கருக்குச் சுவர் மின்சாரமே வேண்டாம், அதனால் கவலையில்லை. அடாப்டரில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். ஆம்பிளிஃபயர் அப்படி இல்லை. சிலவற்றில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் நுழையும் பக்கத்தில் இரண்டு சுருள்கள், 230க்கு அவை தொடராகவும் 115க்கு இணையாகவும் சேரும். (சுவிட்சை மாற்றினால் பியூஸையும் மாற்ற வேண்டும். பாதி வோல்டேஜில் அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும்.) என்னுடையதில் ஒரே சுருள்தான், 230 மட்டும்தான். நேரடியாக 120இல் செருகினால் எரியாது, பாதி வோல்டேஜில் விழித்தும் விழிக்காமலும் கிடக்கும். ஆபத்து எதிர்த் திசையில்தான் இருக்கிறது. இங்கே வாங்கிய 120 வோல்ட் கருவியை ஊருக்குக் கொண்டுபோய் அப்படியே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

ஆக, 120ஐ 230ஆக ஏற்றித் தரும் ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருந்தது. அதிலும் முதலில் தவறினேன். கைக்கு அடக்கமான, எடையே இல்லாத ஒரு பயணக் கன்வெர்ட்டரை வாங்கினேன். அது தலை உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்று சூடேற்றும் சாமான்களுக்கானது. எலெக்ட்ரானிக் கருவிக்குச் சேராது என்று அதன் தாளிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நமக்கு வேண்டியது இரும்பும் செம்பும் சுற்றிய கனமான பெட்டி. ஆம்பிளிஃபயர் 280 வாட் எடுக்கும் என்று பின்னால் எழுதியிருந்ததால் 750 வாட் அளவில் எடுத்தேன். இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. தாளம் அதிரும் இடத்தில் திணறக் கூடாது. எர்த் முனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தொடர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் ஒரே சுருளில் வேலை செய்பவை, உள்வரும் மின்சாரத்தையும் வெளிச்செல்லும் மின்சாரத்தையும் அவை பிரித்து வைப்பதில்லை.

துணி உலர்த்தும் இயந்திரத்துக்காக இங்கே வீடுகளில் 240 வோல்ட் வருகிறதே, அதை எடுத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அது 120 வோல்ட் உள்ள இரண்டு லைன்களுக்கு நடுவில் கிடைப்பது, இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் இருக்கும். என் ஆம்பிளிஃபயரின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பது. அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

முதல் நாள் இரவு ஸ்பீக்கரில் ஊம் என்று ஓர் உறுமல். டிரான்ஸ்ஃபார்மரை ரெக்கார்ட் பிளேயருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஊசித்தலை அதன் காந்தப் புலத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை மீட்டர் தள்ளிக் கீழே வைத்ததும் அடங்கியது.

உறுமல் போனபின்தான் பாட்டு காதில் விழுந்தது. எனக்கு மனப்பாடமான தட்டு, மனப்பாடமான குரல். அந்தக் குரலில் வேறு யாரோ பாடினார்கள். இளமையாக, அவசரமாக, மூச்சு விடாமல். ஆர்மோனியத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டையில் இருக்க வேண்டிய சுருதி இரண்டரைக் கட்டையில் நின்றது.

வேகம் கூடியிருக்கிறது என்று சந்தேகப்பட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்தேன். சுற்றிலும் 180 கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை. பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். கோடுகள் கல்லாய் நின்றன. அட்டை சரி என்கிறது, காது இல்லை என்கிறது. பல நாட்கள் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் தட்டின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 20 சுற்றுக்கு 36 விநாடி ஆக வேண்டும். 30 விநாடியில் முடிந்துவிட்டது. நிமிடத்துக்கு 40 சுற்று!

அந்த மோட்டார் மின்சாரத்தின் சைக்கிளுக்கு அடியெடுத்து ஓடுவது. வோல்டேஜை 230ஆக ஏற்றிக் கொடுத்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸைத் தொடுவதில்லை. 50இன் இடத்தில் 60 வந்தால் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும். பல்பும் அதே மின்சாரத்தில் விநாடிக்கு 100க்குப் பதில் 120 முறை மினுக்குவதால், தட்டும் வெளிச்சமும் சேர்ந்தே வேகமெடுத்து, அட்டைக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஊரில் பார்க்க வேண்டிய அட்டைக்கு 216 கோடுகள். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. காது பிழைத்தது.

தீர்வு ஒரு சின்ன உலோகத் துண்டு. மோட்டார் முனையில் பெல்ட் ஓடும் புல்லியை, ஆறில் ஒரு பங்கு விட்டம் குறைந்த 60 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்ற வேண்டும். என் மாடலுக்கு அது தனியாகக் கிடைத்தது. கிடைக்காதவர்கள் 50 ஹெர்ட்ஸைத் தானே உண்டாக்கித் தரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கலாம். டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாடோ உள்ள பிளேயர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

டியூனரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மீடியம் வேவில் அது 9 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும், இங்கே நிலையங்கள் 10 இடைவெளியில் இருக்கின்றன. 740ஐத் தேடினால் 738இல் நிற்கும், அதை விட்டால் 747. அதன் கடிகாரமும் மின்சாரத்தின் சைக்கிளை எண்ணுவதுதான், மணிக்கு 12 நிமிடம் முந்தி ஓடியது. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

புதிய புல்லியை மாட்டி அதே தட்டை வைத்துக் காகிதத்தை எண்ணினேன். இருபதாவது சுற்றுக்கு 36 விநாடி. குரல் ஒரு கட்டைக்கு இறங்கி வந்து மூச்சு விட்டுப் பாடியது. பழைய புல்லியைத் துணியில் சுற்றி, ‘50 ஹெர்ட்ஸ்’ என்று எழுதி, பிளேயரின் அடிப்பலகைக்கு உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன்.